மூன்றாவது ஓலை

சூரியநெல்லியில் எங்கள் தேயிலை எஸ்டேட் மாதா கோயிலில் பிரசங்கம் முடிந்ததும் சாமியார் கல்யாண ஓலை வாசிப்பார். ஓலை என்பது பேச்சுக்குத்தான், கையில் இருப்பது காகிதம். இன்னாருடைய மகன் இன்னாருடைய மகளைக் கட்டப் போகிறான், இதற்குத் தடை ஏதும் யாருக்காவது தெரிந்தால் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும் என்று மூன்று ஞாயிறு அறிவிப்பார்கள். பெண்ணின் ஊர்க் கோயிலிலும் அதே ஞாயிறுகளில் அதே ஓலை. ஏற்கெனவே ஒரு கல்யாணம், நெருங்கிய ரத்த உறவு, இப்படி ஏதாவது இருந்தால் தாலி ஏறும் முன்னால் வெளியே வரட்டும் என்றுதான் இந்த வழக்கம். சின்ன வயதில் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், இன்றைக்காவது யாராவது எழுந்து நிற்பார்களா என்று. ஒருத்தரும் நின்றதில்லை. வலது பக்கம் ஆண்கள் இருமுவார்கள், இடது பக்கம் பெண்கள் கல்யாணப் பெண்ணின் நிறத்தைப் பற்றிக் கிசுகிசுப்பார்கள், அவ்வளவுதான்.

என் தம்பியின் பெயர் அந்தக் காகிதத்தில் ஏறியதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

நான் பாலக்காட்டில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். சிரிக்காதீர்கள், கொழுந்தெடுக்கிறவள் மகளுக்கு ஜெர்மன் எதுக்கு என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் போதுமான அளவு சிரித்தாகிவிட்டது. நர்ஸ் படித்த பிள்ளைகள் இங்கிருந்து ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். மொழிப் பரீட்சையில் தேறாமல் விசா கிடையாது. ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில், கீழே பேக்கரி, மேலே நாங்கள், காலையிலிருந்து சாயங்காலம் வரை இருமல் மருந்துக்கும் காயக்கட்டுக்கும் ஜெர்மனில் பேர் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிப்போகும்.

அது வயிற்றுப்பாட்டுக்கு. மனசுக்கு என்று இன்னொன்று வைத்திருந்தேன், வருஷக்கணக்காக முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த என் ஆராய்ச்சி. நூறு வருஷத்துக்கு முந்தைய வியன்னாவில் ஆண், பெண், காமம், நெறி பற்றி எழுதினார்களே, அதுதான் விஷயம். அந்த ஊரில் அப்போது எல்லோரும் இதையே பேசினார்கள், காபிக் கடையில், நாடகக் கொட்டகையில், வைத்தியரின் அறையில். ஒவ்வொரு மனித உயிருக்குள்ளும் ஆணும் பெண்ணும் ஏதோ ஒரு அளவில் கலந்தே இருக்கிறது என்று துணிந்து எழுதியவர்கள் உண்டு. முதல் தடவை படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தைத் திருப்பினால் அதே பேனா, பெண்ணுக்கு மனசாட்சி கிடையாது, தான் என்ற ஒன்றே அவளுக்கு இல்லை, அதனால் பொய் சொல்லும்போது அது பொய் என்றே அவளுக்கு உறைக்காது என்று எழுதும். அடப்பாவிகளா என்று மூடி வைத்துவிட்டு டீ போடப் போய்விடுவேன். கதைகளில் பெரிய வீட்டுப் பிள்ளைகள் புறநகர்ப் பெண்களோடு பழகி, தங்கள் தேவை தீர்ந்ததும் கைகழுவிவிட்டுப் போவார்கள், கெட்ட பெயர் அவளுக்கு மிஞ்சும். அது அநியாயம் என்று அதை எழுதியவர்களில் சிலருக்காவது தெரிந்திருந்தது. அதனால்தான் எத்தனை கோபம் வந்தாலும் அந்த ஊரை என்னால் விட முடியவில்லை.

ஆணோடு ஆண் சேர்ந்தாலும் பெண்ணோடு பெண் சேர்ந்தாலும் அங்கே அப்போது சட்டப்படி குற்றம். அதைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில்தான், ஒரு கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போகும்போது, மூணாறில் என்னை அழைத்துப்போக வந்த தம்பி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான்.

"எக்கா, எனக்குப் பொம்பளப் பிள்ளைக மேல மனசு போகல. இனியும் போகாது."

"யாராவது இருக்கானாடா?" என்றேன்.

"இருந்தான். துபாய்க்குப் போய்ட்டான்."

அவன் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். சின்னக்கானல் வரும்வரை அதை விடவில்லை. இங்கே சட்டம் மாறிவிட்டது, லயம் மாறவில்லை. லயத்தில் இந்த வீட்டுச் சுவரில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டுக் காலண்டர் கீழே விழும். அங்கே எதை மறைத்து வைக்க முடியும்? அவன் தன்னை மறைத்து வைத்திருந்தான், அதுவும் எப்போதும் சிரித்துக்கொண்டே. சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பில் அவனுக்கு ஜோலி. சிரிப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

அதற்கு அடுத்த கிறிஸ்துமஸில் அம்மா என் போனை வாங்கி வகுப்புப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இறந்த பிறகு வீட்டில் அம்மாவும் தம்பியும்தான். "ஏட்டி, இந்தப் பிள்ளை யாரு? முகம் லட்சணமா இருக்கு" என்றாள். கஞ்சிக்கோட்டுக்காரப் பெண், என் வகுப்பில் கெட்டிக்காரி, அவள் அப்பாவுக்கு இரும்பு உருக்காலையில் வேலை, நம்ம வேதம்தான் என்று நானும் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அம்மா விடவில்லை. கோயில் உபதேசியாரைப் பிடித்து, அவர் ஒருத்தரைப் பிடித்து, ஈஸ்டருக்குள் பெண் வீட்டார் சூரியநெல்லிக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். எல்லாம் முடிந்து எனக்குப் போன் வந்தது. தம்பி சரி என்று சொல்லிவிட்டானாம்.

எனக்குக் கோபம் வந்தால் கண்ணு மண்ணு தெரியாது. உடனே அவனைக் கூப்பிட்டேன்.

"என்னடா சொல்லி வச்சிருக்க?"

"அந்தப் பிள்ளைக்கு வியன்னாப் பக்கத்துல வேலை உறுதியாம்க்கா. அவ முன்னால போவா, ஒரு வருஷத்துல என்னையும் கூப்பிட்டுக்குவா. அங்க போய்ட்டா நான் நானா இருக்கலாம்ல? நீதான அந்த ஊரைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்ப."

"நான் சொன்னது அங்க பொம்பளைங்களை என்ன பாடு படுத்துனாங்கன்னுடா!"

"அவளை நான் நல்லாப் பாத்துக்குவேன்க்கா."

"நல்லாப் பாத்துக்கிறதுக்கு அவ என்ன பூந்தொட்டியா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். கீழே பேக்கரிக்காரர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

நானே போய் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டால் என்ன? நினைக்காமல் இல்லை. ஆனால் அது அவன் வாயிலிருந்து வர வேண்டிய சொல். அவனை ஊருக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு உரிமை கிடையாது. அதே சமயம் அவள் கழுத்தில் தாலி ஏறும் முன்னால் அவள் காதுக்குப் போக வேண்டிய சொல்லும் அதுதான். இரண்டு பக்கமும் நியாயம் நின்றுகொண்டு என்னை நடுவில் வைத்து நசுக்கியது.

முதல் ஓலை வாசித்தார்கள். மறுநாள் அந்தப் பெண் வகுப்புக்கு வரவில்லை. அவள் அம்மாவிடமிருந்து போன்: "ஏனுங்க டீச்சரு, ஓலை உழுந்த புள்ளைய வாசல் தாண்ட உடமாட்டோமுங்க. கண்ணு பட்டுப்போயிருமுங்க. பரீச்சை வேற கிட்டக்க வந்துருச்சு. நீங்க சித்த ஊட்டுக்கு வந்து சொல்லிக் குடுத்தீங்கன்னா நல்லாருக்குமுங்க." சம்பந்தி வீட்டுப் பெண், அதோடு டீச்சர், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வகுப்பு முடிந்ததும் வாளையார் பஸ்ஸில் ஏறி கஞ்சிக்கோட்டில் இறங்கி நடப்பேன். ரோடெல்லாம் தொழிற்சாலைப் புகை, ஷிப்ட் முடிந்து வரும் வடக்கத்திப் பையன்கள், அதைத் தாண்டி உள்ளே போனால் அவர்கள் வீடு.

பேச்சுப் பரீட்சைக்கு நாங்கள் ஒரு பயிற்சி செய்வோம். ஒருத்தி நோயாளி, ஒருத்தி நர்ஸ். ஆபரேஷனுக்கு முன்னால் என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆபத்து, வேறு வழி என்ன இருக்கிறது, எல்லாம் விளங்கச் சொல்ல வேண்டும். முதல் நாள் நான்தான் நோயாளி. அவளைச் சோதிக்கலாம் என்று, "அதெல்லாம் எனக்கு எதுக்கு, சரின்னு போட்டுக்கோம்மா" என்றேன் ஜெர்மனில்.

அவள் சம்மதிக்கவில்லை. திருப்பித் திருப்பி விளக்கினாள். கடைசியில் அலுத்துப்போய்த் தமிழுக்கு இறங்கினாள். "அது எப்படிங்க டீச்சர்? விவரம் தெரியாம சரின்னு சொன்னா அது சரியே இல்லீங்க. நான் தொட்டா தப்பு எம் மேலதான்."

எனக்குச் சுருக்கென்றது. முகத்தைப் புத்தகத்துக்குள் புதைத்துக்கொண்டேன். அவள் நான் தவறு கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்து, எந்த வாக்கியத்தில் பிழை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இரண்டாவது ஓலை ஞாயிறுக்கு நான் சூரியநெல்லியில் இருந்தேன். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று நாள் பூராவும் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். பூசையில் ஓலை வாசிக்கும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷம் பொங்கி வழிந்தது. பூசை முடிந்ததும் தம்பியைத் தேயிலைக்காட்டுப் பாதைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கொழுந்தெடுக்காத நாள், ஒரு ஆள் இல்லை, கத்த வசதியான இடம்.

"அந்தப் பிள்ளை உனக்கு யாருடா? பாலமா? அவ மேல ஏறி நடந்து அந்தக் கரைக்குப் போகப் போறியா?"

"நான் இங்க கிடந்து சாகணுமாக்கா?" என்றான். "உனக்கென்ன, கீழ போய்ட்ட. நான் தினமும் இவங்க நடுவுல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கேன். ஒரு வாசல் திறந்துச்சு, அதுக்குள்ள ஓடலாம்னு பாத்தேன். அது குத்தமா?"

அவன் அழுதான். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் கோபம் அடங்கவில்லை. இரண்டும் ஒன்றாக வரும் என்று அன்றுதான் தெரிந்தது. "நீ ஓடுறது குத்தமில்லடா. யாருன்னு அவளுக்குத் தெரியாம அவ கையைப் பிடிச்சுக்கிட்டு ஓடுறதுதான் குத்தம். நான் படிக்கிற கதையில அந்தப் பெரிய வீட்டுப் பயலுக எல்லாம் இதைத்தான் செஞ்சானுக. அவனுக ஆசை அவனுகளுக்குப் பெரிசு, அவ வாழ்க்கை சில்லறை. நீ அவனுக மாதிரி ஆகிறாத. சொல்லிடு. கேட்டுட்டு அவ சரின்னு சொன்னா நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீயே சொல்லேன்க்கா."

"மாட்டேன். உன் வாயால சொல்லு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே ஆனயிறங்கல் அணையின் தண்ணீரைப் பார்த்தான். பிறகு, "அந்தப் பிள்ளைட்ட போன் கிடையாதே, ஓலை விழுந்ததும் வாங்கி வச்சுட்டாங்களாம்" என்றான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, சொல்லிவிடுவான் என்று.

அந்த வாரம் நடுவில் ஒரு நாள், பாடத்துக்கு நடுவே என் போன் அடித்தது. பேசி வைத்ததுதான். போனை அவள் கையில் கொடுத்து, "தம்பி உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். முழுசாக் கேளு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அடுத்து அவள் அம்மாவை அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சமையலறைக்குள் போய், "அரிசிம்பருப்புச் சோறு எப்படிங்கம்மா செய்றது?" என்றேன். எனக்கு ரசமே வைக்கத் தெரியாது. அந்த அம்மா வாயில் கையை வைத்துவிட்டார். "ஏனுங்க அம்முணி, இத்தனை பாசை படிச்சீங்க, அரிசிம்பருப்பு தெரியாதுங்களா?" என்று சிரித்தவர், சின்ன வெங்காயத்தை என் முன்னால் தள்ளி உரிக்கச் சொன்னார். எத்தனை விசில் என்று கேட்டேன், தேங்காய் உண்டா என்று கேட்டேன், நெய் எப்போது என்று கேட்டேன். என் காது முழுக்க அந்தக் கதவிலேயே இருந்தது. வெங்காயத்தின் புண்ணியத்தில் கண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கதவு திறந்து அவள் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "டீச்சர், பாடம் பாதியில நிக்குதுங்க" என்றாள்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் அவள் புத்தகத்தை மூடி வைத்தாள். "கோவமா வருதுங்க டீச்சர். உங்க மேலயும்தான். உங்களுக்கு முன்னாலயே தெரியுமில்லீங்களா?"

"தெரியும். அவன்தான் சொல்லணும்னு நின்னேன். சொல்லலேன்னா இந்தக் கல்யாணத்தை நடக்க விட்டிருக்க மாட்டேன்."

அவள் என்னை அளந்து பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "அவரு அழுதாருங்க. மன்னிப்புக் கேட்டாரு. எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டாமுங்க. நாளைக்கு எங்க சாமியார்கிட்டச் சொல்லிப் போடுவேன், எனக்கு இஷ்டமில்லே, தனியாத்தான் வெளிநாடு போறேன்னு."

"காரணம் கேப்பாங்களே?"

"திமிருன்னு நெனச்சுக்கட்டும்."

"உன் பேரு கெட்டுப்போகும்மா. பொய்யி வேற. நீ எதுக்கு அவனுக்காகப் பழி ஏத்துக்கணும்?"

"பேஷண்ட் விசயத்த வார்டு பூரா சொல்லக் கூடாதுங்க டீச்சர்" என்றாள். "எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சு போச்சு. ஊருக்கு எதுக்குங்க?"

என் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன். பிறகு என் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னேன். நீ போகப் போகிற ஊரில் ஒரு காலத்தில் பெரிய படிப்பாளிகள், பெண் பொய் சொல்வது அவளுக்கு மனசாட்சி இல்லாததால்தான் என்று எழுதி வைத்தார்கள் என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அவங்க ஆராவது ஒரு வார்டுல நைட் டூட்டி பாத்திருப்பாங்களாங்க?"

இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம். பொய் சொல்கிறவளுக்குத் தான் என்ற ஒன்று இல்லை என்று அந்த ஆட்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இவள் சொல்லப் போகும் பொய்யில் இவளைத் தவிர வேறு யாரும் இல்லை. முழுத் தெளிவோடு, என்ன விலை என்று தெரிந்து, இன்னொரு உயிரைக் காப்பதற்காகச் சொல்லப் போகிறாள். அந்த அத்தியாயத்தை நான் பிறகு முதலிலிருந்து திருப்பி எழுதினேன். அவள் பரீட்சை தேறி, இப்போது அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். கிளம்பும்வரை அவள் அப்பா அவளோடு பேசவில்லை.

மூன்றாவது ஞாயிறுக்கும் நான் ஊருக்குப் போனேன். அம்மாவிடம் பெண் மாட்டேன் என்றுவிட்டாள் என்பது மட்டும்தான் வந்து சேர்ந்திருந்தது. சாப்பிடாமல் படுத்துக் கிடந்தவளை நான்தான் எழுப்பிக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். தம்பி எங்களுக்கு முன்னால் நடந்தான்.

பிரசங்கம் முடிந்தது. போன இரண்டு ஞாயிறும் வாசித்த கல்யாணத்தில் பெண்ணுக்குச் சம்மதம் இல்லை என்று தகவல் வந்திருப்பதால் மூன்றாவது ஓலை கிடையாது என்றார் சாமியார். உடனே பெண்கள் பக்கம் சலசலப்பு. "வெளிநாட்டு வேலை கிடைச்சதும் மாப்பிள்ளை கசந்துட்டான் போல" என்றாள் பின்னால் ஒருத்தி. "அடங்காத கழுதை, அங்க வேற எவனாவது இருப்பான்" என்றாள் இன்னொருத்தி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். என் வாயிலிருந்து என்ன வந்திருக்குமோ, அதற்குள் ஆண்கள் பக்கம் என் தம்பி எழுந்து நின்றான்.

"ஃபாதர், நீங்க தடை இருந்தாச் சொல்லச் சொன்னீங்க. அந்தப் பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. தடை நாந்தான். பொண்ணைக் கட்டி வாழுற மனசு எனக்குக் கிடையாது, எப்பவுமே இருந்ததில்ல. அதை மறைச்சு ஓலை கொடுத்தது நான். அவளை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தான். கோயிலில் ஒரு இருமல் இல்லை. அவனுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவனைச் சுற்றி வெறும் தரை தெரிந்தது. அம்மாவின் கை என் கைக்குள் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, நேராகப் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூசை நடந்தது. சாமியாரின் குரல் மட்டும் கொஞ்சம் வேகமாகிவிட்டது.

நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குகிற நேரம். எங்கள் கோயிலில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. தம்பி தயங்கித் தயங்கி எழுந்து ஆண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றான். அம்மா என் கையை விட்டுவிட்டு எழுந்தாள். நடுப்பாதையைத் தாண்டினாள். நேரே போய் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"ஏ அம்மா, இது ஆம்பளைக வரிசை" என்றார் உபதேசியார்.

"தெரியும்" என்றாள் அம்மா.

வரிசை நகர்ந்து தம்பியின் முறை வந்தது. "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சொல்லிய சாமியாரின் கை பாத்திரத்துக்கு மேலே நின்றுவிட்டது. வாங்குகிறவர் அதற்கு ஒரு வார்த்தை பதில் சொல்ல வேண்டும், தம்பிக்கு வாய் வரவில்லை. உள்ளங்கையை நீட்டியபடியே நின்றான். பின்னால் இருந்து அம்மா, கொழுந்துக் காட்டில் ஒரு மேட்டிலிருந்து மறு மேட்டுக்குக் கூப்பிடும் அதே குரலில், "ஆமென்" என்றாள்.

சாமியார் அப்பத்தை அவன் கையில் வைத்தார்.